கிளினிக்கல் போஸ்டிங்கைத் தேர்ந்தெடுப்பது எப்படி? பிசியோதெரபி மாணவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

மருத்துவமனையில் நேரடிப் பயிற்சிக்கு இடம் கேட்கும் போஸ்டிங் படிவம் வகுப்புக்கு வந்ததும் முன் பெஞ்சில் ஒருவர் பெரிய மருத்துவமனையின் பெயரை முதல் விருப்பமாக எழுதுவார். அது அப்படியே கடைசி பெஞ்சு வரை போகும். நானும் அப்படித்தான் எழுதினேன், இடமும் கிடைத்தது. மொத்தம் ஆறு வாரம். அதில் நான்கு வாரம் ஓபியில் ஹாட் பேக் வைத்தேன், வலியைக் குறைக்க மின்னோட்டம் செலுத்தும் ஐஎஃப்டி மெஷினுக்கு எலக்ட்ரோடு ஒட்டினேன், பதினைந்து நிமிடத்தில் மணி அடித்ததும் கழற்றினேன். படுத்திருப்பவர் எதற்காக வந்திருக்கிறார் என்பதையே கேஸ் ஷீட்டைப் புரட்டித்தான் தெரிந்துகொண்டேன். அசெஸ்மென்ட்டை, அதாவது நோயாளியைப் பரிசோதித்து மதிப்பிடுவதை, ஸ்டாஃப் முன்பே முடித்திருப்பார்.

அடுத்த போஸ்டிங், யாரும் எழுதாத ஒரு சிறிய மறுவாழ்வு மையம். வரிசையில் கடைசியாக நின்றதால் என் தலையில் விழுந்தது. பன்னிரண்டே படுக்கைகள். பக்கவாதம் வந்த ஒருவருக்குப் படுக்கையில் புரளக் கற்றுக்கொடுத்ததில் தொடங்கி, ஐந்தாவது வாரம் கைத்தடியோடு கழிவறை வரை அவர் தானாக நடந்து போனது வரைக்கும் அவர் என் கேஸ். நான் தப்பாகப் பிடித்த ஒவ்வொரு தடவையும் சூப்பர்வைசர் என் கையின் மேல் தன் கையை வைத்துத் திருத்தினார். இன்றைக்கும் செயலிழந்த ஒரு தோளைத் தொடும்போது என் கை செய்வது அங்கே படித்ததைத்தான்.

அதனால் ஜூனியர்கள் யாராவது வந்து "எந்தப் போஸ்டிங் எழுதலாம்?" என்று கேட்டால் நான் திருப்பிக் கேட்பது இரண்டு கேள்விகள். அங்கே உன் கைக்கு என்ன வேலை? அதை யார் பக்கத்தில் நின்று பார்ப்பார்? கீழே வரும் படிகள் எல்லாம் இந்த இரண்டுக்கும் பதில் கண்டுபிடிக்கும் வழிகள்தான். சில கல்லூரிகளில் எல்லாவற்றையும் துறையே ஒதுக்கிவிடும்; அங்கேயும் எலெக்டிவ் (நீங்களே தேர்ந்தெடுக்கும் போஸ்டிங்), இன்டர்ன்ஷிப், பரஸ்பர மாற்றல் என்று உங்கள் கைக்குள் ஏதோ ஒரு தேர்வு இருக்கும். அதற்கு இது உதவும்.

படி 1: கைக்கணக்கு போடுங்கள்

இடங்களைப் பற்றி யோசிக்கும் முன் உங்களைப் பற்றி ஒரு தாள் எழுதுங்கள். இடது ஓரத்தில் வேலைகள், அதற்கு எதிரே மூன்று கட்டங்கள்: பார்த்தேன், உதவியோடு செய்தேன், தனியாகச் செய்தேன்.

வேலைகளைப் பொத்தாம்பொதுவாக எழுதாதீர்கள். "நியூரோ தெரியும்" என்று எழுதினால் ஒன்றும் தெரியவராது. இப்படி எழுதுங்கள்: முழங்கால் மடக்கத்தை கோனியோமீட்டரால் அளப்பது. ஸ்டெதஸ்கோப் வைத்து நுரையீரலில் கேட்கும் கிராக்கிள்ஸையும் (வெடிப்பது போன்ற ஒலி) வீஸையும் (விசில் போன்ற ஒலி) பிரித்துச் சொல்வது. சமநிலையை அளக்கும் பெர்க் பேலன்ஸ் ஸ்கேலின் 14 பகுதிகளையும் நடத்தி 56க்கு மதிப்பெண் போடுவது. 30 மீட்டர் காரிடாரில் ஆறு நிமிட நடைச் சோதனை. ஒரு பக்கம் செயலிழந்தவரைப் படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாற்றுவது. ஊன்றுகோலின் உயரத்தைச் சரிபார்த்துப் படியேறக் கற்றுக்கொடுப்பது. அழுகிற குழந்தையை அசெஸ் செய்வது. வீட்டுப் பயிற்சியைச் சொல்லிக்கொடுத்துவிட்டு, அதையே நோயாளியின் வீட்டாரைத் திருப்பிச் செய்து காட்டச் சொல்வது.

முதல் கட்டம் நிரம்பி வழியும், மூன்றாவது வெறிச்சென்று இருக்கும். பயப்பட வேண்டாம், எல்லோருக்கும் அப்படித்தான். மூன்றாவது கட்டம் எந்தப் பிரிவில் மொத்தமாகக் காலியாக இருக்கிறதோ, அதுதான் அடுத்த போஸ்டிங்குக்கான முதல் தடயம்.

ஒரு எச்சரிக்கை. நமக்குப் பிடித்ததையே மறுபடி எழுதும் ஆசை வரும். ஸ்போர்ட்ஸ் பிடிக்கும் என்பவர் மூன்று ஆர்த்தோ (எலும்பு, மூட்டு) ஓபி எழுதிவிட்டு ஐசியூ பக்கமே போகாமல் பட்டம் வாங்கிவிடுவார். பிறகு முதல் வேலையில் ஒரு இதய அறுவை வார்டு கிடைக்கும். அங்கே உங்களுக்குச் சம்பளம் தருகிறார்கள், கற்றுக்கொடுக்க யாரும் நிற்க மாட்டார்கள். தவறு செய்து திருத்திக்கொள்ள இடம் தரும் காலம் மாணவப் பருவம்தான். பலவீனமான பிரிவை இங்கேயே தொட்டுவிடுவது நல்லது.

படி 2: ஒவ்வொரு பிரிவும் என்ன கற்றுத்தரும் என்று தெரிந்துகொள்ளுங்கள்

ஆர்த்தோ ஓபி. இங்கே கிடைப்பது எண்ணிக்கை. ஒரே நாளில் உறைந்த தோள், கழுத்துவலி, முழங்கால் தேய்மானம், டென்னிஸ் எல்போ எல்லாம் வரும். ஆனால் கற்றுக்கொள்வது புது கேஸில்தான். ஹிஸ்டரி எடுத்து, இது எந்தத் திசுவின் பிரச்சினை என்று யூகித்து, சோதித்து, அந்த யூகம் உடைவதைப் பார்க்க வேண்டும். முதுகுவலி என்று வந்தவர் பேச்சோடு பேச்சாக "உட்காரும் இடம் மரத்த மாதிரி இருக்கு, யூரின் போகவும் கஷ்டமா இருக்கு" என்று சொன்னால் அது பயிற்சி கொடுக்கும் கேஸ் கிடையாது; முதுகெலும்பின் கீழ்ப்பகுதி நரம்புக் கற்றை நசுங்கும் காடா ஈக்வைனா அழுத்தமாக இருக்கலாம், அப்போதே மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். இந்தக் கேள்வியைக் கேட்க வேண்டும் என்ற பழக்கம் ஃபாலோ அப் நோயாளிகளுக்கு மெஷின் போட்டுக்கொண்டிருந்தால் வராது. எனவே ஓபி எழுதும் முன் தெரிந்துகொள்ள வேண்டியது: மாணவர்களுக்குப் புது கேஸ் தருவார்களா?

ஆர்த்தோ வார்டு வேறு உலகம். மூட்டு மாற்று அறுவை முடிந்தவரை முதல் தடவை நிற்க வைக்கும்போது ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கும், முகம் வெளுக்கும். அறுவைக் காயத்தில் வைத்த வடிகுழாய் (டிரெயின்), சிறுநீர்க் கதீட்டர், எந்தக் காலில் எவ்வளவு எடை வைக்கலாம் என்ற சர்ஜனின் குறிப்பு, கெண்டைக்காலில் புதிதாக வீக்கமும் வலியும் வந்தால் டீவிடி (ஆழமான சிரையில் ரத்தம் உறைவது) சந்தேகம் என்று கண் பல இடங்களில் இருக்க வேண்டும். ஆஸ்பத்திரிச் சூழலுக்குப் பழக இதைவிட நல்ல தொடக்கம் இல்லை என்பது என் எண்ணம்.

நியூரோ. இந்தப் பிரிவுக்குத்தான் நான் அதிக வாரங்கள் கேட்பேன். மாற்றம் மெதுவாக வரும். இரண்டு வாரப் போஸ்டிங்கில் நோயாளி முன்னேறினாரா இல்லையா என்று தெரிவதற்குள் நீங்கள் கிளம்பிவிடுவீர்கள். குறைந்தது நான்கு வாரம், முடிந்தால் ஆறு.

ஒரு உதாரணம் சொல்கிறேன். பக்கவாதம் வந்து தசை தளர்ந்த கையில் தோள்மூட்டு கீழே இறங்கியிருக்கும். தோள்பட்டையின் முனை எலும்புக்குக் கீழே விரலை வைத்தால் ஒரு விரல் அகலத்துக்குப் பள்ளம் தட்டுப்படும். புத்தகத்தில் படம் பார்த்து இது புரியாது, விரல் உள்ளே இறங்கும்போதுதான் "ஓ, இதுதானா" என்று தோன்றும். அதே நேரம் பக்கத்தில் இருக்கும் மகன் அப்பாவை எழுப்ப அந்தக் கையைப் பிடித்தே இழுப்பார், பாசத்தோடுதான். உங்கள் முதல் சிகிச்சை பயிற்சி அட்டவணையாக இருக்காது, அந்த மகனுக்கு எங்கே பிடிப்பது என்று காட்டுவதாக இருக்கும். அடுத்து முழங்கையை நீட்டி தசை இறுக்கத்தை மாடிஃபைட் ஆஷ்வொர்த் ஸ்கேலில் குறிப்பீர்கள். 0, 1, 1+, 2, 3, 4 என்று ஆறு நிலை. 1க்கும் 1+க்கும் உள்ள வித்தியாசத்தை எழுத்தில் மனப்பாடம் செய்திருப்பீர்கள். அதே முழங்கையை நீங்கள் ஒரு தடவை, சூப்பர்வைசர் ஒரு தடவை நீட்டி, இரண்டு பேரும் வேறு வேறு எண் சொல்லி, ஏன் என்று பேசும்போதுதான் அது கையில் ஏறும்.

பேச்சும் முக்கியம். பக்கவாத நோயாளியைச் சீக்கிரம் எழுப்ப வேண்டும் என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தோம். 2015இல் வெளியான ஏவர்ட் ஆய்வு, ஐந்து நாடுகளில் 2,104 நோயாளிகளை வைத்துப் பார்த்து, முதல் 24 மணி நேரத்துக்குள் தொடங்கி அடிக்கடி, அதிக அளவில் எழுப்பியவர்களுக்கு மூன்று மாதம் கழித்து நல்ல பலன் கிடைக்கும் வாய்ப்பு வழக்கமான சிகிச்சையைவிடக் குறைவு என்று சொன்னது. "அப்படியானால் இந்த நோயாளியை இன்றைக்கு எத்தனை தடவை, எவ்வளவு நேரம் எழுப்புவோம்?" என்று படுக்கைக்குப் பக்கத்தில் நின்று விவாதிக்கிற இடம் கிடைத்தால், எவ்வளவு தூரமாக இருந்தாலும் எழுதுங்கள்.

ஐசியூவும் கார்டியோரெஸ்பிரேட்டரியும். மாணவர்கள் அதிகம் பயப்படுவதும் தவிர்ப்பதும் இதைத்தான். இங்கே முதல் வாரம் வெறுமனே பார்ப்பது குற்றமில்லை, பார்க்கத்தான் வேண்டும். நோயாளியைத் தொடும் முன் மானிட்டரில் இதயத்துடிப்பு, ரத்த அழுத்தம், ஆக்சிஜன் அளவு. வென்டிலேட்டரில் ஆக்சிஜன் விகிதம், பீப் (மூச்சை விட்டு முடித்த பிறகும் நுரையீரலில் நிற்கும் அழுத்தம்). ரத்த அழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்கும் மருந்து எவ்வளவு ஓடுகிறது, நேற்றைவிடக் கூடியிருக்கிறதா. எந்தெந்தக் குழாய் எங்கிருந்து எங்கே போகிறது. ஏபிஜி (தமனி ரத்தத்தின் வாயு அளவு) தாளை எடுத்து பிஎச் 7.35க்கும் 7.45க்கும் நடுவே இருக்கிறதா, கார்பன் டை ஆக்சைடு 35க்கும் 45க்கும் நடுவே இருக்கிறதா என்று பார்ப்பது. இவ்வளவும் முடிந்த பிறகுதான் கை. வென்டிலேட்டரில் இருப்பவரைக் கட்டில் ஓரத்தில் உட்கார வைக்கும் அந்த இரண்டு நிமிடத்தில் ஒருவர் தொண்டைக் குழாயை மட்டும் பிடித்துக்கொண்டிருப்பார், வேறு எதையும் செய்ய மாட்டார். அந்த ஒழுங்கை ஒரு தடவை பார்த்தவர்கள் அதற்குப் பிறகு எந்த வார்டிலும் அவசரப்பட மாட்டார்கள். தொடர்ந்து இரண்டு வாரமாவது கிடைக்க வேண்டும். ஆங்காங்கே இரண்டிரண்டு நாளாகப் பிய்த்துக் கொடுத்தால் பயம்கூடத் தெளியாது.

குழந்தைகள் பிரிவில் சிகிச்சை விளையாட்டாகத்தான் நடக்கும். நீங்கள் தரையில் உட்கார வேண்டும், பாட வேண்டும், பொம்மையை எந்தப் பக்கம் வைத்தால் குழந்தை எந்தப் பக்கம் எடையைச் சாய்க்கும் என்று யோசிக்க வேண்டும். மூளை முடக்குவாதத்தில் குழந்தையின் இயக்கத் திறனை வகைப்படுத்தும் ஜிஎம்எஃப்சிஎஸ் ஐந்து நிலைகளை மனப்பாடம் செய்வது எளிது, நான்காம் நிலைக் குழந்தையின் அம்மா "எப்போ நடப்பான்?" என்று கேட்கும்போது சீனியர் என்ன பதில் சொல்கிறார் என்று கவனிப்பதுதான் பாடம். முன்னேற்றம் மாதக்கணக்கில் வருவதால் பழைய பதிவேடுகளைப் படிக்க விடுகிற இடமாகப் பாருங்கள்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஸ்போர்ட்ஸ் என்றால் அணியோடு நிரந்தர பிசியோ இருக்கிறாரா என்று கேளுங்கள். இல்லாவிட்டால் தண்ணீர் பாட்டில் தூக்குவதும் டேப் ஒட்டுவதும்தான் மிஞ்சும். பெண்கள் நலப் பிரிவில் இடுப்புத்தளப் பரிசோதனைகளில் மாணவர்களுக்கு எதுவரை அனுமதி என்பது இடத்துக்கு இடம் மாறும், முன்பே கேட்டுவிடுங்கள். முதியோர் பிரிவை யாரும் விரும்பி எழுதுவதில்லை, எனக்கு இது புரிந்ததே இல்லை: ஒரே நோயாளியிடம் நியூரோ, ஆர்த்தோ, இதயம், நுரையீரல், மறதி எல்லாம் சேர்ந்து வரும் இடம் அது. வீடு தேடிப் போகும் சமூகப் போஸ்டிங்கில் பிடித்துக்கொண்டு நடக்கும் பேரலல் பார் இருக்காது. தாழ்வான கட்டிலும் உயரமான வாசற்படியும் வழுக்குகிற குளியலறையும்தான் இருக்கும். வார்டில் நன்றாக நடந்தவர் வீட்டில் ஏன் விழுந்தார் என்பது அங்கே போனால்தான் தெரியும்.

படி 3: வரிசையைத் தீர்மானியுங்கள்

எதை எழுதுவது என்பதுபோலவே எதை எப்போது எழுதுவது என்பதும் முக்கியம். ஆர்த்தோ வார்டை முன்னால் வையுங்கள். ஐசியூவை அதற்குப் பின்னால், உடற்செயலியல் மறக்காத காலத்தில். நியூரோவை நடுவில், நீளமாக. எந்தத் துறையில் வேலைக்குப் போக ஆசைப்படுகிறீர்களோ அதைக் கடைசிக்கு அருகில் வையுங்கள்: அப்போதுதான் உங்களால் தனியாகக் கேஸ் பார்க்க முடியும், அங்கிருக்கும் ஸ்டாஃபும் உங்களை நாளைக்கு உடன் வேலை செய்யப்போகிறவராகப் பார்ப்பார்கள். ஆசைப்பட்ட இடத்துக்கு முதல் போஸ்டிங்கிலேயே போய், ரத்த அழுத்தக் கருவியைத் தேடிக்கொண்டு நின்ற ஞாபகத்தை அவர்களிடம் விட்டுவர வேண்டாம்.

ப்ராஜெக்ட் சமர்ப்பிக்கும் மாதத்தோடு கனமான போஸ்டிங் மோதுகிறதா என்று நாட்காட்டியில் பார்த்துக்கொள்ளுங்கள்.

படி 4: சீனியர்களிடம் சரியாக விசாரியுங்கள்

"அந்த இடம் நல்லா இருக்குமா?" என்று கேட்டால் "சூப்பரா இருக்கும்" என்றோ "போய்டாத" என்றோதான் பதில் வரும். சூப்பர் என்றால் மதியம் இரண்டு மணிக்கே விட்டுவிடுவார்கள் என்று அர்த்தமாக இருக்கலாம். எண்ணிக்கையிலும் நாளிலும் கேளுங்கள்:

பத்தாவது நாள் காலையில் வந்ததிலிருந்து கிளம்பும் வரை என்ன செய்தீர்கள்?
எத்தனை புது நோயாளிகளை முதலில் நீங்கள் அசெஸ் செய்தீர்கள்?
நீங்கள் எழுதிய கேஸ் ஷீட்டை யாராவது படித்தார்களா?
சூப்பர்வைசர் உங்கள் பிடியைத் திருத்திய ஒரு சந்தர்ப்பம் சொல்லுங்கள்.
ஒரே நோயாளியை அதிகபட்சம் எத்தனை நாள் தொடர்ந்து பார்த்தீர்கள்?
ஒரே நேரத்தில் எத்தனை மாணவர்கள் இருந்தீர்கள், வேறு கல்லூரியிலிருந்தும் வருவார்களா?

நான்காவது கேள்விக்குப் பதில் சொல்ல யோசித்துக்கொண்டே இருந்தால் உங்களுக்கு விடை கிடைத்துவிட்டது.

குறைந்தது இரண்டு பேரிடம், அதுவும் இந்த வருடம் போனவர்களிடம் கேளுங்கள். நல்ல சூப்பர்வைசர் ஒருவர் மாற்றலாகிப் போனால் அந்த இடமே மாறிவிடும். மூன்று வருடத்துக்கு முந்தைய புகழை நம்பிப் போய் ஏமாந்தவர்கள் உண்டு. முடிந்தால் ஒரு காலை நேரில் போய், அனுமதி கேட்டு, அரை மணி நேரம் ஓர் ஓரமாக நில்லுங்கள். மாணவர்கள் எங்கே நிற்கிறார்கள் என்று மட்டும் பாருங்கள். நோயாளிக்குப் பக்கத்திலா, மெஷினுக்குப் பக்கத்திலா, சுவருக்குப் பக்கத்திலா?

படி 5: சூப்பர்வைசரை எடை போடுங்கள்

என்னைக் கேட்டால் பாதித் தேர்வு இதுதான். நல்ல சூப்பர்வைசர் இருந்தால் வசதியில்லாத இடமும் பயன் தரும். ஆள் சரியில்லாவிட்டால் லட்சக்கணக்கில் விலை போட்டு வாங்கிய மெஷின்கள் இருந்தும் ஒன்றும் இல்லை.

ஒருவருக்கு ஒருவர் என்ற விகிதம்தான் சிறந்தது என்று பலர் நினைக்கிறார்கள். இரண்டு மாணவர்களுக்கு ஒரு சூப்பர்வைசர் என்பதும் நன்றாகவே வேலை செய்யும்: ஒருவர் அசெஸ் செய்யும்போது மற்றவர் கவனிப்பார், பிறகு மாறிக்கொள்ளலாம், சூப்பர்வைசரிடம் கேட்கக் கூச்சப்படுவதை ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளலாம். ஆறு, ஏழு பேர் ஆகும்போதுதான் கூட்டமாகிவிடுகிறது.

திட்டுகிறவரா, அன்பானவரா என்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள். "ஏன் இதைச் செய்தாய்?" என்று கேட்பவரா என்று பாருங்கள். அன்பாக எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு நல்ல மதிப்பெண் போட்டு அனுப்புகிறவரிடம் ஆறு வாரம் இனிமையாகப் போகும், கையில் ஒன்றும் மிஞ்சாது. அதே சமயம், நோயாளியின் முன்னால் மாணவரை அவமானப்படுத்துகிறவர் எவ்வளவு பெரிய நிபுணராக இருந்தாலும் தவிர்க்கலாம். பயத்தில் இருக்கும் கை கற்றுக்கொள்ளாது, நடுங்கத்தான் செய்யும்.

படி 6: தூரம், செலவு, உடம்பு

இதைப் பற்றிப் பேசுவதைச் சோம்பேறித்தனம் என்று நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள். போகவர நான்கு மணி நேரம் ஆகும் இடத்தில், அன்றைக்குப் பார்த்த கேஸைப் பற்றி இரவில் படிக்க உங்களிடம் மூளை மிச்சமிருக்காது. அந்த நேரத்தையும் போஸ்டிங்கின் விலையாகக் கணக்குப் போடுங்கள். இரவு ஷிஃப்ட் உண்டா, முடித்துத் திரும்பப் பாதுகாப்பான வழி உண்டா, தங்குமிடம் தருவார்களா, உட்காரவும் சாப்பிடவும் மாணவர்களுக்கு இடம் இருக்கிறதா என்று கேட்பதில் வெட்கம் வேண்டாம்.

உங்களுக்கே முதுகுவலியோ மூட்டுப் பிரச்சினையோ இருந்தால் பொறுப்பு ஆசிரியரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். முழுக்க உதவி தேவைப்படும் நோயாளிகளை நாள் முழுக்கத் தூக்கி மாற்றும் வார்டில் ஹாய்ஸ்ட் (தூக்கும் கருவி), ஸ்லைடு ஷீட் (நகர்த்த உதவும் வழுக்கு விரிப்பு) இருக்கிறதா என்பது பெரிய வித்தியாசம். கருவுற்றிருப்பவர்கள், வீட்டில் கைக்குழந்தையோ நோயாளியோ வைத்துப் பார்ப்பவர்கள், படிவத்தில் அதற்கென்று இடம் இல்லாவிட்டாலும் தனியாக எழுதிக் கொடுப்பது நல்லது. ஒதுக்கீடு வெளியான பிறகு சொன்னால், மாற்ற வேண்டிய இடத்தில் இன்னொருவர் உட்கார்ந்திருப்பார்.

படி 7: காகிதங்களை ஏழெட்டு மாதம் முன்னால் தொடங்குங்கள்

பல மருத்துவமனைகள் தடுப்பூசிச் சான்று இல்லாமல் உள்ளேயே விடாது. ஹெபடைடிஸ் பி தடுப்பூசியின் வழக்கமான அட்டவணை 0, 1, 6 மாதங்கள். அதாவது முதல் ஊசியிலிருந்து கடைசி ஊசிக்கே அரை வருடம். அதற்கு ஒன்று இரண்டு மாதம் கழித்து ரத்தத்தில் எதிர்ப்பொருள் அளவு பார்க்கச் சொல்வார்கள். மில்லி லிட்டருக்கு 10 மில்லி யூனிட்டாவது இருக்க வேண்டும். போஸ்டிங்குக்கு முந்தின வாரம் ஓடிப்போய் எதையும் சரிசெய்ய முடியாது. காசநோய்ப் பரிசோதனை, அடிப்படை உயிர்காப்புப் பயிற்சிச் சான்று, சில நாடுகளில் காவல்துறைச் சான்று, காப்பீடு என்று இடத்துக்கு இடம் பட்டியல் வேறுபடும். எல்லாவற்றின் நகலையும் ஒரே கோப்பில், போனிலும் ஒரு பிரதியாக, வைத்துக்கொள்ளுங்கள்.

படி 8: விருப்பத்தை எழுதும் விதம்

படிவத்தில் காரணம் கேட்டிருந்தால் "ஆர்வம் உள்ளது" என்று எழுதாதீர்கள். எல்லோரும் அதைத்தான் எழுதியிருப்பார்கள். கைக்கணக்குத் தாளிலிருந்து எடுத்து எழுதுங்கள்: "இதுவரை மூன்று போஸ்டிங்கும் ஓபியில்தான் அமைந்தன. வார்டில் அறுவைக்குப் பிந்தைய நோயாளியை ஒரு தடவைகூட நானே எழுப்பி நடத்தியதில்லை. அதனால் வார்டு கேட்கிறேன்." ஒதுக்கீடு செய்பவருக்கு எளிதில் மறுக்க முடியாத காரணம் இது.

மூன்று விருப்பம் கேட்டால் மூன்றையுமே போட்டி அதிகமுள்ள இடங்களாக நிரப்பிவிடாதீர்கள். ஒன்றாவது, அதே வகை நோயாளிகள் வரும், ஆனால் யாரும் எழுதாத இடமாக இருக்கட்டும்.

எலெக்டிவுக்கு நீங்களே இடம் தேடுவதாக இருந்தால் துறைத் தலைவருக்குச் சுருக்கமாக மின்னஞ்சல் எழுதுங்கள். யார், எந்த வருடம், எந்தத் தேதியிலிருந்து எத்தனை வாரம், இதுவரை என்னென்ன முடித்திருக்கிறேன், அங்கே குறிப்பாக எதைக் கற்க வேண்டும், கல்லூரியில் பொறுப்பு யார். ஆறு வரி போதும். பத்து நாளில் பதில் வராவிட்டால் ஒரு தடவை நினைவூட்டலாம். முக்கியமாக, இடம் உறுதியாகும் முன் கல்லூரியின் ஒப்புதல் இருக்கிறதா என்று பாருங்கள். ஒப்பந்தம் இல்லாத இடத்தில் செய்த மணி நேரம் கணக்கில் வராமல் போகும்.

படி 9: கேட்டது கிடைக்காவிட்டால்

பாதிப் பேருக்குக் கிடைக்காது. நண்பரோடு மாற்றிக்கொள்ள முடியுமா என்று பாருங்கள், ஆனால் எழுத்தில் அனுமதி வாங்கிவிட்டு. முடியாவிட்டால், கிடைத்த இடத்தில் என்ன இருக்கிறது என்று தேடுங்கள்.

என் ஹாட் பேக் போஸ்டிங்குக்கே திரும்பி வருகிறேன். பதினைந்து நிமிடம் நோயாளி அசையாமல் படுத்திருப்பார். அவருக்கும் பேச ஆள் கிடைத்தால் சந்தோஷம். வலி எப்போது தொடங்கியது, இரவில் எழுப்புகிறதா, எதைச் செய்தால் கூடுகிறது, என்ன வேலை பார்க்கிறார், அவருக்கு என்ன பயம். ஒரு நாளைக்கு எட்டுப் பேர் என்றால் எட்டு ஹிஸ்டரி. அதை எழுதி, என் யூகத்தையும் எழுதி, ஸ்டாஃப் எழுதியிருந்த டயக்னோசிஸோடு ஒப்பிட்டுப் பார்த்திருக்கலாம். நான் அந்த நேரத்தில் போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த நான்கு வாரத்துக்கு இடத்தை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை.

படி 10: முதல் வாரத்திலேயே எழுதிவையுங்கள்

முதல் நாளோ இரண்டாம் நாளோ சூப்பர்வைசரிடம் ஐந்து நிமிடம் கேளுங்கள். மூன்று இலக்குகள் போதும், தேதியோடு. "நியூரோ அசெஸ்மென்ட் கற்க வேண்டும்" என்பது இலக்காகாது. "மூன்றாம் வாரத்துக்குள் ஒரு பக்கவாத நோயாளியை 45 நிமிடத்தில் தனியாக அசெஸ் செய்து, பிரச்சினைப் பட்டியலும் சிகிச்சைத் திட்டமும் எழுத வேண்டும்" என்றால் அவருக்கும் எதைப் பார்ப்பது என்று தெரியும். பலர் இதைக் கேட்கவே மாட்டார்கள் என்பதால், கேட்கிற மாணவர் அவர் கண்ணில் தனியாகத் தெரிவார்.

பாதியில் ஒரு மதிப்பீடு கட்டாயம் கேட்டு வாங்குங்கள். "நன்றாகச் செய்கிறாய்" என்று முடித்துவிட்டால் விடாதீர்கள்: "நாளையிலிருந்து ஒன்றை மாற்ற வேண்டுமென்றால் எதை மாற்றச் சொல்வீர்கள்?" கடைசி நாளில் தெரியவரும் குறையைத் திருத்த நாள் இருக்காது.

தெரியாததைச் செய்யச் சொன்னால் மறுக்க வேண்டும். சொல்லித்தராத ஒன்றை, யாரும் பக்கத்தில் இல்லாமல், ஆள் பற்றாக்குறை என்பதற்காகச் செய்யச் சொல்வது நடக்கும். "இதை நான் தனியாகச் செய்ததில்லை, நீங்கள் நின்றால் செய்கிறேன்" என்பதே போதும். தகாத பேச்சோ தொடுதலோ இருந்தால், ஸ்டாஃபிடமிருந்தோ நோயாளியிடமிருந்தோ எதுவானாலும், மதிப்பெண்ணுக்காகப் பொறுத்துக்கொள்ள வேண்டியதில்லை. தேதி, நேரம் எழுதிவைத்து அன்றே கல்லூரிப் பொறுப்பாளரிடம் சொல்லுங்கள்.

படி 11: மணிக்கணக்கு

ஒவ்வொரு நாளும் லாக்புக்கில் எழுதுங்கள். வாரக் கடைசியில் ஞாபகத்திலிருந்து எழுதினால் பொய்யாகத்தான் வரும். பிரிவு, மணி நேரம், நோயாளியின் வயதும் பிரச்சினையும், நீங்கள் செய்தது. பெயரும் பதிவு எண்ணும் கூடாது, படமும் கூடாது. நோயாளி சம்மதித்தாலும் மருத்துவமனையின் அனுமதி இல்லாமல் எடுக்காதீர்கள்.

பிற்காலத்தில் வேறு நாட்டில் பதிவு செய்ய விண்ணப்பித்தால், எந்தப் பிரிவில் எத்தனை மணி நேரம், யார் மேற்பார்வையில் என்று பிரித்துக் கேட்பார்கள். பிரிட்டனில் பட்டப்படிப்புக்குள் 1000 மணி நேர நேரடிப் பயிற்சி என்பது நெடுநாளைய அளவுகோல். ஐந்து வருடம் கழித்து, மூடிப்போன ஒரு மையத்தின் கையெழுத்தைத் தேடி அலைகிறவர்களை எனக்குத் தெரியும். உடம்பு சரியில்லாமல் விட்ட நாட்களை எப்போது ஈடுகட்டப் போகிறீர்கள் என்பதையும் அப்போதே எழுதிவையுங்கள்.

கையெழுத்தையும் முத்திரையையும் கடைசி நாள் மாலை வாங்கலாம் என்று இருக்காதீர்கள். அன்றைக்குப் பார்த்துத்தான் சூப்பர்வைசர் விடுப்பில் இருப்பார், முத்திரை அவர் அலமாரிக்குள் பூட்டியிருக்கும். வெள்ளிக்கிழமை முடிகிறது என்றால் புதன்கிழமையே லாக்புக்கைக் கொண்டுபோய் நீட்டுங்கள்.